நடுவில் ஒரு தார்ப்பாய்

செப்டம்பர் 23

சமையலறை ஜன்னலில் ஈ உட்கார்ந்திருக்கிறது. நீல ஈ, கொழுத்தது. கடற்கரைப் பறவைகள் கிளம்பிப் போய் ரொம்ப நாளாகிறது. புல்லின் அடியில் மஞ்சள் ஏறிவிட்டது. உருளைக்கிழங்கும் தோண்டியாயிற்று. இது மட்டும் போகிற வழியாக இல்லை. இது இருக்கிறவரை ஆட்டை அறுக்கக் கூடாது. ஃபாரோ தீவு வானொலிக்காரன் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா இது? உப்புக்கூடத் தடவாமல் இறைச்சியைக் காற்றில் தொங்கவிட்டு, தானாகப் புளித்துப் பதமாகட்டும் என்று மாசக்கணக்கில் காத்திருக்கிற ஜனங்கள் நாங்கள். முதலில் குளிர் வர வேண்டும். அப்புறம்தான் கத்தி. இந்தத் தீவில் மூக்கு இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

எல்லோருக்குமா? மலேனாவுக்குத் தெரியாது.

மதியம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள். "மார்யுன், ஹெய்னி எட்டாந்தேதி கப்பல்லேருந்து இறங்குறான். ஒரு வாரம்தான் இருப்பான். பத்தாந்தேதி அறுத்துடலாம்னு இருக்கேன்."

"அக்கா, அங்க பாருங்க," என்று ஜன்னலைக் காட்டினேன்.

"ஈயைப் பார்த்து என் புள்ளைக்கு லீவு குடுப்பானா கேப்டன்? சரி, ஒண்ணு செய். குளிர் வந்தப்புறம் ஒரே ஒரு நாள் ஹானுஸை அனுப்பு. நான் காத்திருக்கேன்."

"அவருக்கு முதுகு வலி."

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள். ஹானுஸ் அந்த நேரம் கூரைமேல் ஏறி, சரிந்திருந்த புல்லைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். இருக்கட்டுமே! என் புருஷன், என் கூரை. இத்தனை வருஷமும் அறுக்கிற நாளை அவள் வீட்டுக்காரர்தான் சொன்னார். சக்காரிஸ் மூத்தவர், சொன்னார், கேட்டோம். பிப்ரவரியில் அவர் கண்ணை மூடிவிட்டார். இனிமேல் மூத்தவர் பெண்டாட்டி சொல்வாள், நாங்கள் தலையாட்ட வேண்டுமாக்கும். ஓரகத்திக்கு நினைப்பைப் பார்!

செப்டம்பர் 28

ஈ இருக்கிறது. தெற்குக் காற்று, தூறல், புழுக்கம். எரிச்சலாக வருகிறது.

அக்டோபர் 4

மலையிலிருந்து ஆடுகளை இறக்கினோம். ஊரே ஏறியது. மேலே பனிமூட்டம், ஆள் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் நடக்க முடிந்தது. என் முழங்கால் இரண்டும் போயிற்று. ஆனால் குட்டிகள் நன்றாகத் தேறியிருக்கின்றன, அதைச் சொல்ல வேண்டும்.

கீழே கல்பட்டியில் பிரிக்கும்போது, ஒரு கிடா முரண்டு பிடித்தது. ஹானுஸ் குனிந்து அதை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பத்தடி தள்ளி மலேனா. அவரைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்திருந்தால் பதில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 10

அறுத்துவிட்டாள். சொன்ன தேதியில், சொன்னபடி.

ஹானுஸ் காலையிலேயே காணோம். தூண்டில் போடப் போயிருப்பார் என்று நினைத்தேன். சாயந்திரம் முழங்கைவரை ரத்தத்தோடு, சிரித்துக்கொண்டே வந்து நிற்கிறார், கையில் ஈரல். "அண்ணி குடுத்தாங்க."

"முதுகு வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்ப முதுகு வலிச்சுது?"

ஈரலைப் பூனைக்குப் போட்டேன். வெட்கமே இல்லாமல் தின்றது. இந்த வீட்டில் யாரை நம்புவது?

அக்டோபர் 14

வெளியே பன்னிரண்டு டிகிரிக்குக் குறையவே இல்லை. அக்டோபரில்! மூட்டம், சொட்டு சொட்டென்று கூரை ஒழுகல், காற்று எங்கோ தூங்குகிறது.

இறைச்சி தொங்கவிடுகிற கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். மாமனார் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கட்டியது. இரண்டு பக்கம் கல்சுவர். கடலைப் பார்த்த பக்கமும் மலையைப் பார்த்த பக்கமும் விரற்கடை இடைவெளி விட்டு அடித்த பலகை, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவதற்கு. கடல் பக்கத்துப் பாதி எங்களுக்கு, மலைப் பக்கத்துப் பாதி அவர்களுக்கு. நடுவில் ஒன்றும் கிடையாது, ஒரே உத்தரம், ஒரே கூரை.

அவள் பாதியில் தொங்குகிறது எல்லாம். நன்றாகத்தான் அறுத்திருக்கிறான் ஹெய்னி, குறை சொல்ல முடியாது. ஆனால் ஈ! தொடை மடிப்பில் வெள்ளை வெள்ளையாக முட்டை. நான் நிற்கும்போதே அவள் கத்தியோடு வந்தாள்.

"அக்கா, இது நம்ம ரெண்டு பேர் கொட்டில். நாளைக்கு நான் தொங்கவிட வேண்டிய இடம்."

"பாதி என்னுது. என் பாதியில என் இறைச்சி தொங்குது. உனக்கு எங்க குத்துது?"

"ஈக்குப் பாதி கணக்குத் தெரியுமா?"

"மிளகு போட்டிருக்கேன். தினமும் சுரண்டுறேன். ஆள் இல்லாத வீடுன்னா இப்படித்தான். வேற என்ன பண்ணச் சொல்றே?"

காத்திருக்கச் சொல்கிறேன்! பொறுமையாக இருக்கச் சொல்கிறேன்! அதைத்தானே இந்தப் பருவம் கேட்கிறது? வேறு என்ன பெரிசாகக் கேட்டுவிட்டது? வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நான் கழுவிய வேகத்தில் ஒரு தட்டு உடைந்தது.

அக்டோபர் 16

ஞாயிறு. இலையுதிர்காலத்தின் கொடைகளுக்காக நன்றி செலுத்துவோம் என்றார் பாதிரியார். எனக்கு முன் பெஞ்சில் மலேனா, நிமிர்ந்து உட்கார்ந்து, உரக்கப் பாடினாள். அவள் கோட்டிலிருந்து மிளகு வாசனை வந்தது. எனக்கு நன்றி சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. வடக்குக் காற்றைக் கொடு, பிறகு பேசலாம் என்று மனதுக்குள் சொன்னேன்.

அக்டோபர் 19

வந்துவிட்டது! விடியும்போதே காது சில்லிட்டது. மலை உச்சி வெளுத்திருக்கிறது. ஈ ஜன்னல் கட்டையில் மல்லாந்து கிடந்தது. ஊதித் தள்ளினேன்.

அறுத்தோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஹெய்னி கப்பலுக்குப் போய்விட்டான், என் மகள் கோபன்ஹேகனில். ரத்தம் பிடித்து, குடல் கழுவி, தலை பொசுக்கி, எல்லாவற்றுக்கும் என் கை ஒன்றுதான். உச்சிவேளைக்கு ஹானுஸ் சொன்னார், "அண்ணியைக் கூப்பிடட்டுமா? கூப்பிட்டா வந்துடுவாங்க."

"கூப்பிட்டா நான் உள்ள போய்ப் படுத்துடுவேன்."

கூப்பிடவில்லை.

தொங்கவிடுமுன் படகு மூடுகிற பச்சைத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போனேன். உத்தரத்திலிருந்து தரைவரை, கல்சுவரிலிருந்து கல்சுவர்வரை, கொட்டிலின் நடுவில் இழுத்து ஆணி அடித்தேன். ஹானுஸ் சுத்தியலை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நடுவுல அடைச்சா காத்து எப்படி மார்யுன் போகும்?"

"ஈ எப்படிப் போகும்னு கேளுங்க."

"ஈதான் செத்துப்போச்சே."

"அவ பக்கத்துப் புழு சாகலையே!"

அடித்தேன். கடைசி ஆணி வரைக்கும் நானே அடித்தேன்.

அக்டோபர் 20

காலையில் கொட்டிலில் என் பக்கம் நிற்கிறேன். அந்தப் பக்கம் கதவு திறந்தது.  அப்புறம் தார்ப்பாயை விரலால் தட்டுகிற சத்தம்.

"யாரு இதை அடிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"உங்க ஈ உங்களோடவே இருக்கட்டும்னு."

"ஈக்கு என் பேரை வெச்சிருக்கியா?"

"வெக்கலாம். பொருந்தும்."

"சக்காரிஸ் மட்டும் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா பத்தாந்தேதி கத்தியைத் தொட விட்டிருப்பாரா?"

பதிலுக்குக் கத்தியின் சத்தம்தான் வந்தது. இறைச்சியைச் சுரண்டத் தொடங்கிவிட்டாள்.

ஜெயித்தது நான்தான். வீட்டுக்கு வந்து காபி போட்டேன், குடிக்காமலே ஆறவிட்டேன்.

அக்டோபர் 25

வடகிழக்குக் காற்று, நாள் பூராவும், ஒரே சீராக. இறைச்சிக்கென்றே அளந்து விட்டது போல. இப்படி ஒரு காற்று கிடைக்க எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறோம்!

என் பக்கத்தில் உத்தரத்தில் ஒரு இழை கம்பளி நூல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. தார்ப்பாய் என் பக்கம் புடைத்து நிற்கிறது, மாசமான வயிறு மாதிரி. காற்று முழுக்க அதற்குப் பின்னால். கடல் பக்கத்துப் பலகை வழியாக ஒன்றும் வரவில்லை, எப்படி வரும்? போகிறதற்கு வழியில்லாத இடத்துக்கு எந்தக் காற்று வருகிறது?

தொங்குகிற ஆட்டின் தோள் பக்கம் தொட்டேன். காய்ந்து தோல் கட்டியிருக்க வேண்டும். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

ஒன்றும் ஆகாது. இரண்டு நாளில் கடல் காற்று திரும்பும்.

அக்டோபர் 28

திரும்பவில்லை.

"கழட்டிடலாமா?" என்றார் ஹானுஸ், சூப்பைக் குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"அவ வந்து கேக்கட்டும்."

"அவங்க ஏன் கேக்கணும்? காத்து அவங்க பக்கம்தானே அடிக்குது."

கத்தினேன். என்னென்னவோ சொன்னேன், அவர் அண்ணனை, அவர் அம்மாவை, அந்த ஈரலை. அவர் சூப்பைக் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார். பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டினால் என்ன இந்த மனுஷன்?

அக்டோபர் 31

நாற்றத்தில் நல்லது வேறு, கெட்டது வேறு. நல்ல நாற்றம் மூக்கின் மேலே ஏறும், வாயில் எச்சில் ஊறும். கெட்டது கீழே இறங்கி வயிற்றைப் பிசையும். இன்றைக்குக் கதவைத் திறந்ததும் வயிற்றைப் பிசைந்தது.

மூன்று ஆடு போயிற்று. எலும்போடு ஒட்டிய இடமெல்லாம் அழுகிப் பச்சை. கைவண்டியில் போட்டுக்கொண்டு போய்ப் பாறை விளிம்பிலிருந்து கடலில் தள்ளினேன். கடற்காகங்கள் கூட்டமாக இறங்கின. கோடை முழுக்க மலையில் மேய்ந்து, நானே இறக்கி, நானே கழுவித் தொங்கவிட்டது. எங்கள் வருஷச் சாப்பாடு. இன்னும் மிச்சமும் இப்படியே போனால் கடையில் ஐஸ்லாந்துக்காரன் ஆட்டை, ஐஸ் உடைத்துத் தின்ன வேண்டியதுதான். ஏன்டி, அறிவு இருக்காடி உனக்கு? காத்துக்குக் குறுக்க யாராவது ஆணி அடிப்பாளா? வீம்பு. வீம்பு புடிச்ச கழுதை.

அழுதேன். பூனை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் கழற்றவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கழற்றினால் அவள் காலையில் வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததை என்னால் தாங்க முடியாது.

நவம்பர் 3

எழுதிவிடுகிறேன், அப்படியே.

ஹானுஸ் கண் டாக்டரைப் பார்க்கத் தலைநகர் தோர்ஷாவ்னுக்குப் போயிருக்கிறார். காலையில் காற்று ஓய்ந்திருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். தார்ப்பாயின் முன்னால் நின்றேன், கத்தியைத் தூக்கினேன், இறக்கினேன். மறுபடி தூக்கினேன். என் மூஞ்சிக்கு நேரே தார்ப்பாயில் ஒரு முனை துருத்திக்கொண்டு வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து. கத்தி முனை.

"அக்கா! என் கண்ணைக் குத்தப் பாத்தீங்களே!"

கிழிசல் கீழே இறங்கியது. அதன் வழியாக மலேனாவின் ஒரு கண் தெரிந்தது, பிறகு மூக்கு. சிவந்த மூக்கு. "நீ அங்கதான் நிக்கிறியா?" என்றாள். அப்புறம் என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"தென்மேற்குக் காத்து திரும்புது," என்றாள். "கடல் நிறத்தைப் பார்த்தேன். நாளைக்கு என் பக்கம் மூச்சு முட்டும். எனக்குக் காத்து வேணும். உனக்காக ஒண்ணும் கிழிக்கல."

"எனக்காகன்னு யாரு சொன்னா?"

"நீ எதுக்குக் கத்தியோட நிக்கிறே?"

"சும்மா."

"சும்மா." மூக்கை உறிஞ்சினாள். "உன் பக்கத்து நாத்தம் மூணு நாளா எனக்கு வருது. வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா என்னடி உனக்கு?"

"நீங்க சொன்னா என்ன?"

"நான் சொல்லணுமா? நான்தான் செப்டம்பர்லயே கேட்டேனே. ஒரே ஒரு நாள் ஹானுஸை அனுப்பு, குளிர் வர்றவரைக்கும் காத்திருக்கேன்னு. முதுகு வலின்னே. அந்த நேரம் உன் வீட்டுக் கூரைமேல நின்னு புல்லைத் தட்டிக்கிட்டிருந்தாரு மனுஷன். மேலேருந்து எனக்குக் கையைக் கூட ஆட்டினாரு!"

தூக்கிய கத்தியை இறக்கினேன். 

"ஈ இருக்கிறப்போ அறுக்கக் கூடாதுன்னு எனக்கா தெரியாது?" என்றாள். "எத்தனை வருஷம் அவர் பக்கத்துல நின்னிருக்கேன்? தெரிஞ்சேதான் அறுத்தேன். எனக்கு வேற நாள் இல்ல."

அவள் உயரமானவள், மேல்பாதியை அவள் கிழித்தாள். கீழ்ப்பாதியை நான். ஆணி பிடுங்கும்போது ஒரு ஆணி வரவில்லை, "மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சிருக்கா பாரு," என்று அவள் திட்டினாள். "உறுதியா இருக்கட்டும்னுதான்," என்றேன். தார்ப்பாய் விழுந்ததும் கம்பளி நூல் லேசாக அசைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் தன் பக்கக் கதவு வழியாகப் போனாள், நான் என் பக்கக் கதவு வழியாக வந்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் கேட்க விட்டிருக்கவும் மாட்டாள்.

நவம்பர் 9

தென்மேற்கு, ஈரம், பலமான காற்று. கொட்டில் முழுக்க ஊளை. இன்னும் ஒரு ஆட்டை எறிய வேண்டியதாயிற்று. மற்றவற்றில் தோல் கட்டத் தொடங்கிவிட்டது. சுரண்டித் துடைத்தேன், மிளகும் போட்டேன். ஆமாம், போட்டேன்.

நவம்பர் 21

கொட்டிலில் என் பக்கத்து வெறும் கொக்கிகளில் இறைச்சி தொங்குகிறது. என்னுடையதல்ல. ஹெய்னி அறுத்த அறுப்பு எனக்குத் தெரியாதா?

அவள் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டேன். "என்ன அக்கா இது?"

"என் பக்கம் நெருக்கமா இருக்கு. ஒண்ணோட ஒண்ணு இடிச்சா நடுவுல காத்து போகாது. உன் கொக்கி சும்மாதானே கிடக்கு."

"கேட்டுட்டு மாட்டியிருக்கலாம்."

"நீ கேட்டுட்டுத்தான் தார்ப்பாய் அடிச்சியா?"

இவளோடு எந்தக் கடவுளால் பேச முடியும்?

டிசம்பர் 4

பனி இல்லை, வெயிலும் இல்லை. மூன்று மணிக்கே இருட்டுகிறது. கொட்டிலிலிருந்து வருகிற நாற்றம் இப்போது மூக்கின் மேலே ஏறுகிறது.

டிசம்பர் 24

பண்டிகைக்கு இறைச்சி இறக்கினோம். எங்களுடையது கொஞ்சம்தான். அவள் பக்கத்தில் அவளே இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் கொக்கியில தொங்கறதையும் எடுத்துக்கிட்டுப் போங்க," என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தப் பக்கம் தொங்குதோ அந்தப் பக்கத்துக்காரங்களுது. அதானே உன் சட்டம், தார்ப்பாய்க்காரி?"

"எனக்குப் பிச்சை வேணாம்."

"பிச்சையா? ஈ மொய்ச்ச இறைச்சி. நீ தின்ன மாட்டேன்னு தெரிஞ்சுதான் விட்டேன்."

ஹானுஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கல்சுவர் பக்கம் திரும்பி நின்றார். அவள் மாட்டிய இறைச்சியில் ஒரு தொடையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன். உருளைக்கிழங்கோடு வேகவைத்தேன். வீடெல்லாம் அந்த வாசனை. கோபன்ஹேகனிலிருந்து வந்திருக்கிற மகள் இரண்டு முறை போட்டுக்கொண்டு, "அம்மா, இந்த வருஷம்தான் பதம் பிரமாதம்," என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. எழுதவே கை எரிகிறது.

செப்டம்பர் 23

இந்த வருஷமும் அதே ஈயோ, அதன் பேத்தியோ. ஜன்னலில் உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

மலேனா வந்தாள். முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நான் காபி ஊற்றினேன், ருபார்ப் தண்டு ஜாமை எடுத்து வைத்தேன். போன முறை ஜாமில் சர்க்கரை அதிகம் என்றாள். அவளுக்குச் சர்க்கரை நோய் வரட்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

"ஹெய்னிக்கு இந்த வருஷம் லீவே இல்ல," என்றாள் கோப்பையைப் பார்த்தபடி. "கிறிஸ்துமஸுக்குத்தான் இறங்குறான்."

ஹானுஸை அனுப்பு என்று அவள் கேட்கவில்லை. ஒரு முறை கேட்டதை இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை அவள், எனக்குத் தெரியும். ஈ மட்டும் கண்ணாடியில் முட்டி முட்டிச் சத்தம் போட்டது.

"ஈ போகட்டும்," என்றேன். "போன மறுநாள் முதல்ல உங்களுது. அதுக்கு அடுத்த நாள் எங்களுது. ஹானுஸுக்கு முதுகு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

மலேனா ஜாமை ரொட்டியில் தடவினாள், ஓரம்வரைக்கும், மெதுவாக.

"அது எனக்குப் போன வருஷமே தெரியும்," என்றாள்.